பச்சைக் கறியும் ஓநாய்க் கதையும்

அந்தமானின் டெலானிபூரில் லாப்ரடார் குட்டி வாங்குகிறவர்களிடமெல்லாம் நண்பர் ஒருவர் பச்சைக் கறியைச் சிபாரிசு செய்துவருகிறார். சோறு கூடாது, கடைத் தீவனம் கூடாது. பச்சைக் கோழி, பச்சை மீன், எலும்பு போதும். நாய் ஓநாய் வம்சம் என்கிறார். ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் 1993-இல் நூலாக எழுதிப் பரப்பிய யோசனைதான் இது. அதைத் தாய்ப்பால் மறந்து சில வாரமே ஆன குட்டிகள்மேல் சுமத்துவது அக்கிரமம்.

ஓநாய் வாதம் 2013-லேயே விழுந்துவிட்டது. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் 2 பிரதிகள்தான் உண்டு, நாய்களிடம் 4 முதல் 30 வரை உண்டு என்று ஸ்வீடனின் உப்சலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் காட்டினார்கள். மனிதன் உண்டதை உண்டு நாய் அடைந்த மாற்றம் அது. நம் சிப்பிப்பாறை நாய்கள் கூழ் குடித்தே முயல் விரட்டியவை.

நண்பர் தாமாக வாயே திறக்காத விஷயம் எலும்பு வளர்ச்சி. வெறும் சதையில் கால்சியம் 1 பங்கு என்றால் பாஸ்பரஸ் 15, 20 பங்கு வரை இருக்கும். வளரும் குட்டிக்குக் கால்சியம் பாஸ்பரஸைவிடச் சற்றுக் கூடுதலாகவே வேண்டும். அது கிடைக்காதபோது உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவுகிறது; கால் வளைகிறது, லேசாகக் குதித்தாலும் முறிகிறது. கேட்டால், "அதற்குத்தான் கோழிக் கழுத்து போடச் சொல்கிறேன்" என்பது அவர் பதில். எத்தனை கிராம்? எந்த எடைக்கு? கணக்கே கிடையாது. மிகுந்தாலும் கேடுதான். கூடுதல் கால்சியத்தைக் குட்டியின் குடல் தடுத்து நிறுத்தாது என்பதையும், அதனால் எலும்பு கோணுவதையும் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கிரேட் டேன் குட்டிகளிடம் 1980-களிலேயே கண்டார்கள். "ரோமம் மினுங்குகிறதே" என்கிறார். மினுமினுப்பு கொழுப்பால் வருவது. எலும்பின் நிலையை எக்ஸ்ரே எடுத்தால்தான் அறியலாம்.

அடுத்து, "ஃப்ரீசரில் வைத்தால் கிருமி சாகும்" என்ற பேச்சு. இது அப்பட்டமான தவறு. சால்மோனெல்லா உறைநிலையில் உறங்கும், சாகாது. கறி இளகியதும் பெருகும். சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பலில் சரக்கு வரும் ஊர் இது. மின்வெட்டில் ஃப்ரீசர் இளகி மறுபடி உறைந்த கறியைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மனிதரே வேகவைத்துத் தின்னும் கறியைத் தடுப்பூசிகூட முடியாத குட்டிக்குப் பச்சையாகப் போடு என்பது என்ன நியாயம்? நோய்க்குறியே இல்லாத நாயும் மலத்தில் சால்மோனெல்லாவை வெளியேற்றும். அதே தரையில்தான் அந்த வீட்டுக் குழந்தை தவழ்கிறது. 2004-இல் தாய்லாந்தில் பறவைக் காய்ச்சல் கண்ட வாத்தைத் தின்ற நாய் ஒன்று அதே வைரஸால் இறந்தது பதிவாகியிருக்கிறது.

பச்சை மீனுக்கும் பதில் உண்டு. சிலவகை மீன்களில் இருக்கும் தயாமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1-ஐ அழிக்கும். தினமும் அதையே தின்னும் நாய்க்கு நரம்புக் கோளாறும் வலிப்பும் வரலாம். வேகவைத்தால் அந்த நொதி செயலிழக்கும். இவ்வளவுக்கும் தேவை ஒரு பாத்திரமும் அடுப்பும்தான்.

அவருடைய கடைசி வாதம், இதே ஊர் ஜங்லிகாட்டில் பச்சை மீன் தின்று திரியும் தெருநாய்கள். செத்த குட்டிகளை அவர் எண்ணியதுண்டா? மேற்கு வங்கத்தில் தெருநாய்க் குட்டிகளைத் தொடர்ந்து கவனித்த கொல்கத்தா ஐசர் ஆய்வாளர்கள், ஐந்தில் ஒன்றுகூட இனப்பெருக்க வயதை எட்டவில்லை என்று 2016-இல் எழுதினார்கள். அந்தச் சாவுகளில் பெரும்பாலானவற்றுக்கு மனிதர்களே காரணம், உணவல்ல, அதை மறைக்கவில்லை. ஆனால் பிழைத்த நாலைந்தை மட்டும் காட்டி "பச்சை மீன்தான் வளர்த்தது" என்று சொல்ல அவருக்கு எந்த ஆதாரமும் இல்லை. அந்தப் பேச்சை நம்பி இனியொரு குட்டியின் தட்டில் பச்சைக் கறி விழக்கூடாது.