பம்பரமும் இலத்திரனும்

மலையக மாணவன் பௌதிகத்தைத் தமிழிலேயே கற்கின்றான். ஆதலின் கலைச்சொல்லிற் குறையிருப்பின் அவன் அறிவிலும் குறை புகும். நிக்கலின் காந்தத்தன்மைக்கு இலத்திரன்களின் 'தற்சுழற்சி' காரணம் என்றதும் அவன் பம்பரத்தை எண்ணுகின்றான். இலத்திரனோ பம்பரம்போற் சுழல்வதன்று. தற்சுழற்சி, மின்னேற்றம்போல, அதனோடு உடன்பிறந்த இயல்பு.

இவ்வியல்பின் விரைந்த மாற்றங்களை இன்று லேசர் ஒளியால் அளக்கின்றனர். ஒரு செக்கனைப் பத்துக் கோடிகோடிக் கூறிட்டால் ஒரு கூறே பெம்டோசெக்கன். 1996 இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில், மெல்லிய நிக்கற் படலத்தின்மீது 60 பெம்டோசெக்கன் நீடிக்கும் லேசர்த் துடிப்பொன்றைச் செலுத்தினர். பின்தொடர்ந்த மெல்லிய துடிப்பு தெறித்தபோது அதன் முனைவாக்கத் தளம் எவ்வளவு திரும்பிற்று என்று நோக்கினர். அத்திருப்பமே காந்தத்தன்மையின் அளவுகோல். செக்கனின் இலட்சங்கோடியில் ஓரிரு பங்கு கழியுமுன்னரே காந்தத்தன்மை பெரிதுங் குன்றிற்று! இழந்த கோண உந்தம் எங்கே சென்றது என்பது பின்னர் நீண்ட விவாதமாயிற்று.

ஆகவே சொல் முற்றும் பிழையன்று. சுழலாத இலத்திரனுக்கும் கோண உந்தம் உண்டு. ஒளிக்கும் தற்சுழற்சி உண்டென்பதற்கு 1931 இற் பரிசோதனைச் சான்று காட்டியவர்கள், திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சி. வி. இராமனும் பகவந்தமும் ஆவர்.

சொல்லை மாற்றவேண்டுவதில்லை, அது எதனைக் குறியாது என்பதையும் உடன் கற்பித்தல் வேண்டும். இப்பணிக்குத் தமிழாசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் ஒருங்கே அமர்தல் வேண்டும். பௌதிகம் பயின்ற பழைய மாணவர்களே, விடுமுறையில் ஒருநாள் எம் வகுப்பறைக்கு வாருங்கள். விழாவுக்கு நீங்கள் தரும் சிறந்த பரிசு அதுவேயாகும்.