6 அடி பனியில் தப்பிய பஃபலோ, 4 அடி பனியில் 47 பேரை இழந்தது ஏன்? 'லேக் எஃபெக்ட் ஸ்னோ' என்றால் என்ன?

2022 நவம்பர். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், பஃபலோ நகருக்குத் தெற்கே இருக்கும் ஆர்ச்சர்ட் பார்க், ஹாம்பர்க் பகுதிகளில் நான்கே நாளில் சுமார் 80 அங்குலம் பனி கொட்டியது. அதாவது ஆறரை அடி. சராசரி உயரமுள்ள ஒரு ஆள் நின்றால் தலைகூட வெளியே தெரியாது.

அடுத்த மாதமே, கிறிஸ்துமஸ் நேரத்தில் மறுபடியும் பனிப்புயல். இந்த முறை பஃபலோ விமான நிலையத்தில் பதிவானது சுமார் 52 அங்குலம். நாலே கால் அடியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஆனால் உயிரிழப்பு? நவம்பரில் விரல்விட்டு எண்ணிவிடலாம். டிசம்பரில் 47 பேர்.

பனி குறைவு, மரணம் அதிகம். இது எப்படி நடந்தது? அதைப் புரிந்துகொள்ள, முதலில் இந்தப் பனி எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

ஏரிக்கும் பனிக்கும் என்ன சம்பந்தம்?

அமெரிக்கா, கனடா எல்லையை ஒட்டி சுப்பீரியர், மிச்சிகன், ஹியூரான், ஈரி, ஒன்டாரியோ என ஐந்து பெரிய ஏரிகள் இருக்கின்றன. பேருக்குத்தான் ஏரி. கரையில் நின்று பார்த்தால் கடல் மாதிரிதான் இருக்கும்.

கோடையில் இந்த ஏரிகள் வெப்பத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடும், தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் குளிராது. அதனால் நவம்பர் பாதியிலும் ஈரி ஏரியின் மேற்பரப்பு சுமார் 10 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். அந்த நேரத்தில் கனடா பக்கமிருந்து உறைபனிக் காற்று ஏரிக்கு மேல் வந்தால் கதை ஆரம்பம்.

குளிரான அறையில் சூடான காபியை வைத்தால் ஆவி பறக்குமே, கிட்டத்தட்ட அதே விஷயம்தான். ஏரியின் வெப்பமும் ஈரமும் கீழிருந்து காற்றில் ஏறுகின்றன. ஈரமான காற்று மேலே எழும்பி, மேகமாகி, கரையைத் தொட்டதும் பனியாகக் கொட்டுகிறது. ஏரித் தண்ணீரைவிட, சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் காற்று 13 டிகிரி செல்சியஸாவது குளிராக இருக்க வேண்டும் என்பது வானிலை ஆய்வாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. இந்த வித்தியாசம் கூடக்கூட பனியும் கூடும். இதைத்தான் 'லேக் எஃபெக்ட் ஸ்னோ' என்கிறார்கள்.

சுருக்கமா சொன்னா, இந்தப் பனிக்கு வெறும் குளிர் போதாது. ஏரி சூடாகவும் இருக்கணும்.

பஃபலோ ஏன் அடிக்கடி மாட்டுகிறது?

காரணம், ஈரி ஏரியின் வடிவம். சுமார் 388 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த ஏரி தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நீண்டு கிடக்கிறது. அதன் கிழக்கு முனையில் உட்கார்ந்திருக்கிறது பஃபலோ.

காற்று ஏரியைக் குறுக்கே கடந்தால், ஈரம் சேர்க்க நேரம் கிடைக்காது. தென்மேற்கிலிருந்து நீளவாக்கில் வீசினால், முழு ஏரியையும் தடவிக்கொண்டு வரும். வழியெல்லாம் சேர்த்த ஈரத்தை ஒரே பட்டையாகக் கிழக்குக் கரையில் கொண்டுவந்து இறக்கிவிடும். பஃபலோவுக்குத் தெற்கே நிலம் மேடாக இருப்பதால், காற்று இன்னும் மேலே தள்ளப்பட்டு அங்கே பனி கூடுதலாக விழும்.

ஒன்டாரியோ ஏரிக்குக் கிழக்கே இருக்கும் டக் ஹில் மேட்டுநிலத்திலும் இதே நிலைதான். 2007 பிப்ரவரியில் அங்குள்ள ரெட்ஃபீல்டு என்ற சிற்றூரில் பத்து நாள் அளவில் 141 அங்குலம் பனி பதிவானது. கிட்டத்தட்ட 12 அடி!

இங்கே மூடல், அங்கே வெயில்

இந்தப் பனிப் பட்டையின் அகலம் பெரும்பாலும் 10 முதல் 30 கிலோமீட்டர்தான். பட்டைக்குள் சிக்கினால் ஒரு மணி நேரத்தில் 3 அங்குலம் கூட கொட்டும், இடி மின்னலும் சேர்ந்துகொள்ளும். பட்டைக்கு வெளியே வெயில் அடிக்கலாம்.

2014 நவம்பரில் இதுதான் நடந்தது. பஃபலோவின் தெற்குப் புறநகர்களில் 5 அடிக்கு மேல் பனி. சில கிலோமீட்டர் வடக்கே வெறும் சில அங்குலம். நெடுஞ்சாலையில் வாகனங்கள் சிக்கின. நயாகரா பல்கலைக்கழக மகளிர் கூடைப்பந்து அணி ஒரு நாளுக்கும் மேல் பேருந்திலேயே இருக்க வேண்டியதாயிற்று.

காற்றின் திசை கொஞ்சம் மாறினாலும் பட்டை நகர்ந்துவிடும். "நம்ம ஏரியாவுக்கு வராது" என்று மக்கள் நினைப்பதற்கும் இதுதான் காரணம். பலமுறை வந்ததில்லை என்பதும் உண்மை.

ஏரி உறைந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா?

ஐந்து ஏரிகளில் ஈரிதான் ஆழம் குறைந்தது, சராசரியாக 19 மீட்டர்தான். அதனால் சீக்கிரம் உறையும். மேலே ஐஸ் மூடிவிட்டால், காற்றுக்குப் போகும் ஈரம் வெகுவாகக் குறைந்துவிடும்.

ஆனால் முழுசா நிம்மதி கிடையாது. 1977 ஜனவரி கடைசியில் ஈரி ஏரி உறைந்துதான் இருந்தது. அந்த ஐஸ் மேல் குவிந்திருந்த பனியை, கடும் காற்று அப்படியே அள்ளிக்கொண்டுவந்து பஃபலோ மேல் கொட்டியது. 29 பேர் இறந்தார்கள். ஆக, பனியின் அளவை விடவும் காற்றின் வேகம் ஆபத்தானது என்பது அந்த ஊருக்கு அப்போதே தெரியும்.

2022: நவம்பரில் தப்பியது எப்படி? டிசம்பரில் தவறியது எங்கே?

இரண்டு புயலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூன்று வித்தியாசங்கள் தெரிகின்றன.

முதலாவது, காற்று. நவம்பரில் பனி அதிகம், காற்று ஒப்பீட்டளவில் குறைவு. டிசம்பரில் வந்தது லேக் எஃபெக்ட் மட்டும் இல்லை. ஒரு பெரிய சூறாவளிப் புயலும் கூடவே சேர்ந்துகொண்டது. மணிக்கு 110 கிலோமீட்டருக்கும் மேல் காற்று வீசியது. வெப்பநிலை சில மணி நேரத்தில் உறைநிலைக்குக் கீழே சரிந்தது. கண் முன்னால் இருப்பதே தெரியாத நிலை 37 மணி நேரம் நீடித்தது.

இரண்டாவது, இடம். நவம்பரில் அதிகம் சிக்கியவை, கார், ஜெனரேட்டர், சேமிப்பு என ஓரளவு வசதியுள்ள தெற்குப் புறநகர்கள். டிசம்பரில் பனிப் பட்டை நெருக்கமான நகரப் பகுதி மேலேயே நின்றது.

மூன்றாவது, நேரம். இதுதான் மனிதர்கள் கையில் இருந்தது. நவம்பரில் பனி கொட்டும் முன்பே சாலைகளில் கட்டுப்பாடு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நடக்க வேண்டிய பஃபலோ பில்ஸ் அணியின் கால்பந்துப் போட்டியை, வியாழக்கிழமையே டெட்ராய்ட் நகருக்கு மாற்றிவிட்டார்கள்.

டிசம்பரில்? தலைமுறைக்கு ஒருமுறை வரக்கூடிய புயல் என்று தேசிய வானிலை சேவை சில நாட்களுக்கு முன்பே எச்சரித்திருந்தது. ஆனால் வாகனங்கள் ஓடத் தடை அமலுக்கு வந்தது டிசம்பர் 23 வெள்ளிக்கிழமை காலை 9.30 மணிக்கு. அதற்குள் பலர் வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள். புயலும் வந்துவிட்டது.

பஃபலோ நகர நிர்வாகம் கேட்டுக்கொண்டதன் பேரில் நியூயார்க் பல்கலைக்கழகம் தயாரித்து, 2023 ஜூனில் வெளியான அறிக்கையும் இதைத்தான் சுட்டிக்காட்டியது. தடை தாமதமாக வந்தது, மக்களுக்கும் நிறுவனங்களுக்கும் சுதாரிக்க நேரமில்லை.

இறந்தவர்கள் யார்?

சிலர் காருக்குள் சிக்கி இறந்தார்கள். சிலர் நடுத்தெருவில் விழுந்து கிடந்தார்கள். கரண்ட் போய், ஹீட்டர் நின்ற வீட்டுக்குள்ளேயே சிலர் இறந்தார்கள். பனியை அள்ளும்போது மாரடைப்பு வந்தவர்களும் உண்டு. ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும்கூட பனியில் மாட்டிக்கொண்டதால், உதவி கேட்டுப் போன் செய்தவர்களிடம் யாரும் போய்ச் சேர முடியவில்லை.

இறந்தவர்களில் கருப்பின மக்கள், அவர்களது மக்கள்தொகை விகிதத்தைவிட அதிகம். காரணம் தேடிக் கஷ்டப்பட வேண்டாம். ஒரு வாரத்துக்கு மளிகை வாங்கி வைக்கக் கையில் காசு வேண்டும். ஒரு நாள் லீவு போட்டால் சம்பளம் போகாத வேலை வேண்டும். குளிர் உள்ளே வராத வீடு வேண்டும். "வீட்டிலேயே இருங்கள்" என்ற எச்சரிக்கை எல்லோர் போனுக்கும் ஒரே மாதிரி வரலாம். அதைக் கடைப்பிடிக்கும் வசதி எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை.

பூமி சூடாகுதே, பனி குறையணுமே?

நியாயமான கேள்விதான். ஆனால் இங்கே கணக்கு கொஞ்சம் தலைகீழ். குளிர்காலம் மிதமானால் ஏரி தாமதமாக உறையும், அல்லது உறையாமலே போகும். அதாவது ஏரி ஈரத்தைக் காற்றில் ஏற்றும் நாட்கள் கூடும். அந்த நேரத்தில் கனடாவிலிருந்து ஒரு குளிர் அலை இறங்கினால், பெரிய பனிப்பொழிவுக்கு எல்லாம் தயார்.

இது நிரந்தரமும் இல்லை. காற்றே போதுமான அளவு குளிராமல் போனால், அதே ஈரம் மழையாக இறங்கும். அதுவரைக்கும், மொத்தக் குளிர்காலம் மிதமாக இருந்தாலும் நடுவே ஓரிரு பெரிய பனிப்புயல்கள் வருவதற்கான வாய்ப்பு அப்படியேதான் இருக்கிறது.

பாடம் கற்றார்களா?

2024 ஜனவரியில் ஒரு சோதனை வந்தது. ஞாயிற்றுக்கிழமை பஃபலோவில் முக்கியமான நாக்அவுட் கால்பந்துப் போட்டி. பனிப் பட்டை வரப்போகிறது என்றதும், சனிக்கிழமையே போட்டியைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள். அன்று இரவே வாகனத் தடையும் வந்தது. ஸ்டேடியத்தில் பனி அள்ள வருபவர்களுக்கு மணிக்கு 20 டாலர் கூலி என்று அறிவித்ததும், ரசிகர்களே மண்வெட்டியுடன் வந்து இறங்கினார்கள்.

டிவியில் வரும் போட்டிக்காக ஒரு நாள் முன்பே முடிவெடுக்க முடிகிறது என்றால், வெள்ளிக்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும் ஒரு தொழிலாளிக்காகவும் முந்தைய இரவே முடிவெடுக்க முடியும். அடுத்த பனிப் பட்டை எந்தத் தெருவில் இறங்கும் என்பதைச் சில மணி நேரத்துக்கு முன்புதான் துல்லியமாகச் சொல்ல முடியும். ஆனால் ஆபத்து வருகிறது என்பதைச் சில நாட்களுக்கு முன்பே சொல்லிவிடுகிறார்கள். அந்த இடைவெளியில் சாலையை எப்போது மூடுகிறார்கள், வேலைக்குப் போகாதவரின் அன்றைய சம்பளத்துக்கு என்ன வழி செய்கிறார்கள் என்பதைத்தான் பஃபலோ மக்கள் ஒவ்வொரு நவம்பரிலும் கவனிக்கிறார்கள்.