கோஷம் தந்த மௌலானா

மில் வாசலில் கேட் மீட்டிங் என்றாலும், கூலி உயர்வு கேட்டு விவசாயத் தொழிலாளர் ஊர்வலம் என்றாலும் நமது வாயில் முதலில் எழுவது "இன்குலாப் ஜிந்தாபாத்" என்ற முழக்கம்தான். இந்தக் கோஷத்தை 1921-ல் நாட்டுக்குத் தந்தவர் ஒரு மௌலானா. ஹஜ் யாத்திரை பலமுறை சென்றுவந்த மார்க்க அறிஞர். அவர்தான் ஹஸ்ரத் மோகானி.

உத்தரப் பிரதேசத்து உன்னாவ் மாவட்டத்தில், மோகான் என்னும் சிற்றூரில் பிறந்தவர். அலிகாரில் படித்துப் பட்டம் பெற்றவர். சர்க்கார் உத்தியோகத்தை நாடாமல் உருதுப் பத்திரிகை நடத்தினார். எகிப்தில் பிரிட்டிஷார் செய்த அக்கிரமத்தைக் கண்டித்து அதில் ஒரு கட்டுரை வந்தது. 1908-ல் வழக்குப் போட்டார்கள். எழுதியவர் பெயரைச் சொல் என்றார்கள். அவர் காட்டிக்கொடுக்க மறுத்து, பழியைத் தாமே ஏற்றுச் சிறை புகுந்தார். கோவைச் சிறையில் வ.உ.சி. செக்கிழுத்த அந்தக் காலத்திலேதான், வடக்கே இவர் கல் சுற்றி மாவரைத்தார்.

1921-ல் ஆமதாபாத் காங்கிரஸ் மகாசபையில் பூரண சுதந்திரமே வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். காந்தியடிகள் எதிர்த்தார், தீர்மானம் தோற்றது. அதே கோரிக்கையைக் காங்கிரஸ் ஏற்க 1929 லாகூர் மாநாடு வரை எட்டு ஆண்டுகள் ஆயின!

1925 டிசம்பரில் கான்பூரில் கம்யூனிஸ்டுகளின் மாநாடு கூடியது. வரவேற்புக் குழுத் தலைவர் இந்த மௌலானா. மாநாட்டுத் தலைவர் யார்? 1923-ல் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடிய நமது சிங்காரவேலர்! ஒருவர் தொழுகை தவறாதவர், மற்றவர் பகுத்தறிவுவாதி. பாட்டாளியின் விடுதலை இருவரையும் ஒரே மேடையில் அமர்த்தியது.

அவருடைய அரசியல் பாதை முழுவதும் நமக்கு உடன்பாடானதல்ல. கட்சியில் அவர் நீடிக்கவில்லை. முஸ்லிம் லீகில் இருந்தார். ஆயினும் 1947-ல் நாடு பிளவுண்டபோது பாகிஸ்தான் போகவில்லை. இந்த மண்ணிலேயே இருந்து 1951-ல் லக்னோவில் கண்மூடினார். அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தும், தமக்குச் சம்மதமில்லாத அரசியல் சட்டத்தில் கையெழுத்திட மறுத்த நெஞ்சுரம் அவருடையது.

தோழர்களே! இன்று திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் உத்தரப் பிரதேசத்துப் பிள்ளைகளும் பீகார்ப் பிள்ளைகளும் நம்மோடு தோளுரசி வேலை செய்கிறார்கள். "இந்திக்காரன் உன் கூலியைக் கெடுக்கிறான்" என்று ஒருவன் வருகிறான். "அவன் துலுக்கன், நம்பாதே" என்று இன்னொருவன் வருகிறான். இருவர் பேச்சிலும் லாபம் அடைவது யார்? பீஸ் ரேட்டைக் குறைக்கக் காத்திருக்கும் முதலாளிதான்! குறைந்த கூலிக்கு ஒருவன் உழைக்க நேர்வது, அவன் சங்கத்துக்கு வெளியே நிற்பதால். அவனை விரட்டினால் கூலி உயராது; சங்கத்தில் சேர்த்தால் உயரும்.

மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970-ல் உழவர்கள் குண்டடிபட்டு மாண்ட ஊர் பெருமாநல்லூர். ஒற்றுமையின் விலை நமக்குத் தெரியும். பக்கத்து மிஷினில் இருக்கும் வடநாட்டுத் தோழனை அடுத்த கேட் மீட்டிங்குக்கு அழைத்து வாருங்கள். அவன் பேச்சு நமக்குப் புரியாமல் இருக்கலாம். நமது கோஷம் அவனுக்குப் புரியும். அது அவன் ஊர்ப்பக்கத்து மௌலானா தந்தது!

இன்குலாப் ஜிந்தாபாத்!