வயிற்றில் ஒரு திருட்டுக் குடித்தனம்

வீட்டில் யாருக்காவது வயிறு எரிந்தால் முதலில் யார் தலை உருளுகிறது? சமைத்தவள் தலைதான்! "மிளகாயை அள்ளிப் போட்டுவிட்டாய்", "புளியைக் கரைத்து ஊற்றிவிட்டாய்" என்று குழம்புச் சட்டியை வைத்துக்கொண்டு விசாரணை நடக்கும். கன்னியாகுமரிப் பக்கத்தில் மரச்சீனிக் கிழங்கையும் கூண்டில் ஏற்றிவிடுவார்கள். கிழங்கும் மீன் கறியும் தின்கிற ஊரில் அல்சர் வராமல் என்ன செய்யும் என்பார்கள். இந்த வழக்கை இந்த வாரம் நாம் சற்று விசாரிப்போமா, சகோதரிகளே?

இரணியலுக்கு அருகே நெய்யூர் என்று ஓர் ஊர். 1838-ல் லண்டன் மிஷன் சங்கத்தார் அங்கே வைத்தியப் பணியைத் தொடங்கினார்கள். 1922-ல் எவரெஸ்ட் சிகரம் ஏறப் போன ஆங்கிலேயர் கோஷ்டியில் ஸாமர்வெல் என்ற இளம் சர்ஜன் இருந்தார். மலையை விட்டு இறங்கியதும் தேசத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு நெய்யூர் வந்தவர், அங்கே காத்துக் கிடந்த நோயாளிகளின் கூட்டத்தையும் டாக்டர்கள் போதாமல் தவிப்பதையும் கண்டு மனம் உருகிப் போனார். லண்டனில் கிடைக்கவிருந்த பெரிய வாழ்வை உதறிவிட்டு நெய்யூருக்கே வந்து சேர்ந்தார். 1924-ல் மறுபடியும் எவரெஸ்டுக்குப் போய், ஏறக்குறைய 28,000 அடி வரை ஏறித் திரும்பிய மனிதர், இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்தக் குக்கிராமத்தில் கத்தி பிடித்தார் என்றால் பாருங்களேன்!

அவர் மேஜைக்கு வந்த நோய்களில் முக்கியமானது, சிறுகுடலின் ஆரம்பத்தில் உண்டாகும் புண். தென் திருவிதாங்கூரில் அது சர்வ சாதாரணம். வயிறு காலியானதும் வலிக்கும். எதையாவது சாப்பிட்டால் சற்றுத் தணியும். நடு ராத்திரியில் எழுப்பி உட்கார வைக்கும். மருந்துக்கு அடங்காவிட்டால் வயிற்றைத் திறந்து, இரைப்பையிலிருந்து குடலுக்குப் புது வழி ஒன்று போட்டுத் தைப்பார்கள். இப்படிப் பிழைத்துப் போனவர்கள் ஆயிரக்கணக்கானோர்.

சரி, காரணம் என்ன? அந்நாளைய வைத்தியர்களின் சந்தேகம் சாப்பாட்டின் மேல் விழுந்தது. மிளகாய், சத்துக் குறைந்த உணவு, மரச்சீனி என்று பட்டியல் போட்டார்கள். பாவம், அந்தக் கிழங்கு! 1880-லிருந்து 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, பஞ்சத்துக்கு உதவும் என்று அதைப் பரவச் செய்தார். இரண்டாவது உலக யுத்தத்தில் பர்மா அரிசி நின்றபோது ஏழைகளின் உயிரைக் காத்ததும் அதுதான். நன்மை செய்ததற்குக் கிடைத்த பரிசு, அவப் பெயர்!

உண்மையான குற்றவாளி வெகு தூரத்தில் அகப்பட்டான். 1979-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்ற டாக்டர், இரைப்பைத் துணுக்கு ஒன்றைப் பூதக் கண்ணாடியில் பார்த்தபோது, வளைந்து நெளிந்த கிருமிகளைக் கண்டார். 'இரைப்பையின் அமிலத்தில் கிருமியாவது, பிழைப்பதாவது!' என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. பாரி மார்ஷல் என்ற இளம் டாக்டர் அவருடன் சேர்ந்தார். கிருமியை வளர்த்துப் பார்க்க எத்தனையோ முயற்சிகள், ஒன்றும் முளைக்கவில்லை. 1982-ல் ஈஸ்டர் விடுமுறை வந்தது. வழக்கமாக இரண்டு நாளில் எறிந்துவிடும் தட்டுகள் ஐந்து நாள் கிடந்துவிட்டன. திறந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது! நம்ப மறுத்தவர்களுக்காக 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தாமே குடித்து, வாந்தியும் வயிற்று அழற்சியும் வரவழைத்துக்கொண்டார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

கிருமியின் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் முந்நூறு கிருமிகளை வரிசையாக நிறுத்தலாம். நம் வயிற்றிலுள்ள யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவாக்கி, அமில மழையில் அதையே குடையாகப் பிடித்துக்கொள்கிறது. வால் போன்ற இழைகளைச் சுழற்றி, திருகாணிபோல் இரைப்பையின் கோழைப் படலத்துக்குள் புகுந்து குடித்தனம் போடுகிறது. உட்சுவர் அழல்கிறது, காவல் தளர்கிறது, அமிலமும் மிகுதியாகச் சுரக்கலாம். பிறகு நம் அமிலமே நம்மை அரிக்கிறது. கதவைத் திறந்து விடுவது கிருமி. உள்ளே புகுந்து சூறையாடுவது அமிலம்.

உலக மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் வயிற்றில் இது உண்டு. பெரும்பாலோருக்கு ஆயுள் முழுவதும் ஒரு தொல்லையும் கிடையாது. சிலருக்குப் புண், வெகு சிலருக்கு இரைப்பைப் புற்றுநோய். பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், வீட்டுக்குள்ளேயே, எச்சில், வாந்தி, மலம், அசுத்த ஜலம் இவற்றின் வழியாகத் தொற்றுகிறது.

அப்படியானால் உணவுக்குப் பங்கே இல்லையா? அப்படியும் சொல்லிவிடக் கூடாது. கிருமி நம் நாட்டில் வடக்கிலும் உண்டு, தெற்கிலும் உண்டு. ஆனால் புண் தெற்கில்தான் அதிகம் காணப்பட்டது. ஆகவே சாப்பாடு துணை நிற்கலாம், தடுக்கவும் செய்யலாம். காரம், புண்பட்ட வயிற்றில் எரிச்சலைக் கூட்டும். ஆனால் முதல் குற்றவாளி உங்கள் குழம்புச் சட்டி அல்ல!

இன்று இதற்கு மூச்சைச் சோதித்தும் மலத்தைச் சோதித்தும் கிருமி இருக்கிறதா என்று கண்டுபிடிக்கிறார்கள். தேவையானால் குழாய் விட்டு உள்ளேயும் பார்க்கிறார்கள். கிருமிக்கொல்லி மருந்துகளும் அமிலத்தைக் குறைக்கும் மருந்தும் சேர்த்துப் பெரும்பாலும் 14 நாள் கொடுக்கிறார்கள். நெய்யூரில் கத்தியைத் தேடி வந்த நோய், இப்போது மாத்திரையில் அடங்குகிறது. ஆனால் வலி நின்றதும் ஐந்தாம் நாளே மாத்திரையை நிறுத்தினால், தப்பிய கிருமி மருந்துக்கு மசியாததாகிவிடும். மூட்டு வலிக்கும் தலைவலிக்கும் டாக்டரைக் கேளாமல் விழுங்கும் மாத்திரைகளும் வயிற்றைப் புண்ணாக்கும். அது தனிக் குற்றவாளி.

மலம் தார்போல் கறுத்தாலோ, வாந்தியில் ரத்தம் கண்டாலோ, காரணமின்றி உடல் மெலிந்தாலோ ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் ஆறிய சோற்றைச் சாப்பிட்டு, "எனக்கு ஒன்றுமில்லை, வெறும் வாயு" என்று ஓமத் தண்ணீரைக் குடித்துப் படுக்கும் சகோதரிகளுக்கே இதை முக்கியமாகச் சொல்கிறேன். குடும்பத்துக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவளின் வயிற்றையும் ஒரு டாக்டர் பார்க்க வேண்டாமா?