வில்லனின் மூளை

மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது இளம் நண்பர் ஒருவர் தம் நாவலின் பிரதியை என் கையில் திணித்தார். முன்னூறு பக்கத்துக்குக் குறையாது. "மத்ததை விடுங்கண்ணே, வில்லனை மட்டும் பாருங்க. இப்படி ஒரு மூளை தமிழ்ல இதுவரைக்கும் வந்ததில்லை" என்றார். படித்தேன். வில்லன் தன்னோடு தானே சதுரங்கம் ஆடுகிறான். அர்த்தசாஸ்திரத்தைக் கரைத்துக் குடித்திருக்கிறான். நள்ளிரவில் பியானோ கேட்கிறான். பத்து வருஷம் கழித்து நடக்கப்போவதைப் பத்து வருஷம் முன்னாலேயே கணக்குப் போட்டு வைத்திருக்கிறான். ஆனால் அவனுடைய மூளையின் வேலையை ஒரு பக்கத்தில்கூட நான் பார்க்கவில்லை. அவன் மூளைக்காரன் என்று மற்றவர்கள் சொல்லிக்கொண்டிருப்பதைத்தான் பார்த்தேன்.

நண்பரைத் தாக்குவது என் நோக்கமல்ல. அவர் ஒரு நெடிய வரிசையின் கடைசி ஆள். அந்த வரிசையைப் பற்றித்தான் பேச வேண்டும்.

இந்த ஜோடனையின் சூட்சுமம் மிக எளியது. எழுத்தாளன் தன்னிடம் இல்லாத புத்தியைத் தன் பாத்திரத்துக்குக் கடன் கொடுக்க முடியாது. ஆகவே சுற்றி நிற்கிறவர்களின் புத்தியைப் பிடுங்கிக்கொள்கிறான். போலீஸ்காரன் முட்டாள், மந்திரி முட்டாள், காதலி முட்டாள். நடுவில் ஒருவன் மேதை. 2015-ல் வந்த 'தனி ஒருவன்' படத்தில் வில்லன் ஒரு விஞ்ஞானி. அவனுடைய அப்பா அரசியல்வாதி. தியேட்டரே சிரிக்கும் அசடு. மகனின் உயரம் அப்பாவின் குழியிலிருந்து அளக்கப்படுகிறது. 1950-ல் வந்த 'மந்திரி குமாரி'யில் ராஜகுருவின் மகன் கொள்ளையடிப்பதை ஒரு கலை என்று வாதாடினான். மு. கருணாநிதியின் வசனம். கொட்டகை கைதட்டியது. அது மேடைப் பேச்சுக்கு விழும் கைதட்டல்தான். சிந்தனை என்று ஏதும் அங்கே நடக்கவில்லை.

கல்கி இவர்களைவிடக் கெட்டிக்காரர். 1944-ல் தொடராகத் தொடங்கிய 'சிவகாமியின் சபத'த்தில் நாகநந்தியின் சூழ்ச்சிக்கு எதிராக மகேந்திர பல்லவரையும் மாறுவேடத்தில் ஒற்றனாக அலையவிட்டார். இரண்டு பேரும் செய்கிற காரியம் ஒன்றுதான். பிக்ஷு செய்தால் சூழ்ச்சி, சக்கரவர்த்தி செய்தால் ராஜதந்திரம். வாசகன் இதைக் கவனிக்காமல் பார்த்துக்கொள்கிற சாமர்த்தியம் கல்கிக்கு இருந்தது. கானன் டாயில் இன்னும் யோக்கியர். ஹோம்ஸைத் தீர்த்துக்கட்ட ஒரு ஆள் தேவைப்பட்டபோது, 1893-ல், கணிதப் பேராசிரியர் மாரியார்ட்டியை உண்டாக்கினார். அந்த மேதையைப் பெரும்பாலும் ஹோம்ஸின் வாய்வார்த்தையாகவே காட்டிவிட்டு அருவியில் தள்ளினார். உள்ளே காட்ட ஏதுமில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இதெல்லாம் வியாபார எழுத்து, சினிமா, இதில் நமக்கென்ன என்று நம் வட்டத்து நண்பர்கள் கேட்கக்கூடும். நமக்குத்தான் இதில் அதிகப் பங்கு இருக்கிறது. தீமையைச் செய்ய மூளை வேண்டும் என்ற நம்பிக்கையின் மறுபக்கம் என்ன? மூளை உள்ளவன் சந்தேகத்துக்கு உரியவன். நல்லவன் என்றால் யோசிக்காதவன். தமிழில் நாயகனுக்கு இதயமும் கை முஷ்டியும் போதும். சிந்திப்பதையே வாழ்க்கையாகக் கொண்ட ஒருவனை நாயகனாக்க 1981-ல் சுந்தர ராமசாமி முன்வந்தபோது, அவனை மலையாளியாக்க வேண்டியிருந்தது. ஜே.ஜே.யைத் தமிழனாக எழுதியிருந்தால் நம்பியிருக்கமாட்டோம், அல்லது எப்போது கொலை செய்வான் என்று காத்திருந்திருப்போம். அதை ஒரு பரிகாசமாக எடுத்துக்கொண்டு நாம் கடந்துவிட்டோம். அது நம்மீது சொல்லப்பட்ட குற்றச்சாட்டு.

இதைவிடப் பெரிய சேதம் ஒன்று உண்டு. அதற்கு மதுரையின் முதல் புத்திசாலி வில்லனிடம் போக வேண்டும்.

சிலப்பதிகாரத்தின் பொற்கொல்லனுக்குப் பெயர் கிடையாது. இளங்கோ அவனுக்கு மேதைக்கான அலங்காரம் எதையும் தரவில்லை. அவன் தேவியின் சிலம்பைத் திருடியவன், மாட்டிக்கொள்ளப் பயப்படுகிறவன். அவ்வளவுதான். ஆனால் அவன் நடந்து வருகையில் பின்னால் நூறு கொல்லர்கள் வருகிறார்கள். உடம்பில் சட்டை இருக்கிறது. அரண்மனை மதிப்புப் பெற்றவன் என்று கோவலன் அவன் கோலத்தைப் பார்த்து முடிவுகட்டுகிறான். முதலில் ஏமாறுவது கோவலனின் கண். அடுத்தது அரசன். ஊடலில் எழுந்துபோன தேவியைச் சமாதானம் செய்யும் அவசரத்தில் போய்க்கொண்டிருக்கிறான் பாண்டியன். வழியில் ஒருவன் வந்து கள்வன் அகப்பட்டான் என்கிறான். சிலம்பு கையில் இருந்தால் கொன்றுவிட்டு எடுத்து வாருங்கள் என்று காவலரிடம் சொல்லிவிட்டு அரசன் மேலே நடக்கிறான். விசாரணை இல்லை. இந்த இடத்தில் பொற்கொல்லனின் மூளை என்ன பெரிய வேலை செய்துவிட்டது? அவன் கதவைத் தட்டினான், அது ஏற்கனவே திறந்திருந்தது.

காவலர்கள் கோவலனைப் பார்க்கிறார்கள். ஒருவன், இவன் கொல்லத் தகுந்தவனாகத் தெரியவில்லையே என்கிறான். காவியத்திலேயே ஆகப் புனிதமான கணம் இதுதான் என்று சொல்வேன். ஒரு சாதாரணச் சேவகன் கண்ணால் பார்த்து, சுயமாக யோசித்து, சந்தேகப்படுகிறான். இப்போதுதான் பொற்கொல்லனின் படிப்பு வெளியே வருகிறது. களவு நூலிலிருந்து பாடம் எடுக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வருக்கு எட்டுத் துணை. ஒவ்வொன்றுக்கும் விளக்கம். உதாரணத்துக்கு ஒரு கதை. கண் முன்னால் நிற்கிற மனிதனை மறக்கடிக்கிற அளவுக்குப் பாண்டித்தியம். பிறகு இளைஞன் ஒருவன், தன் வாளையே பிடுங்கிக்கொண்டு இருட்டில் மறைந்த ஒரு கள்வனின் கதையைச் சொல்லி, அரசன் நம்மை வதைப்பானே, என்ன செய்யலாம் என்று கூட்டத்தைக் கேட்கிறான். யாரும் பதில் சொல்வதற்குள் குடிவெறியில் இருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

இந்தக் கொலையைச் செய்தது யார்? ஒருவனின் பயம், அரசனின் அவசரம், இளைஞனின் சம்பளக் கவலை, குடிகாரனின் கை. பொற்கொல்லனின் புத்தி காவலர்களை வெல்லவில்லை. சந்தேகத்தை விட்டுவிட அவர்களுக்கு ஒரு கௌரவமான காரணத்தைக் கொடுத்தது. புத்திசாலி வில்லன் செய்கிற வேலை முழுக்க இதுதான். அவன் நம்மை ஏமாற்றுவதில்லை. நாம் ஏற்கனவே செய்யத் தயாராக இருப்பதற்கு ஒரு சாஸ்திரம் கொண்டுவந்து தருகிறான்.

இதை எழுதிய அதே காவியம் பின்னால் இன்னொன்றையும் பதிவு செய்கிறது. கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் ஒரே பகலில் ஆயிரம் பொற்கொல்லரைப் பத்தினிக்குப் பலிகொடுக்கிறான். அரசனின் அவசரத்துக்கும் காவலரின் மௌனத்துக்கும் கணக்குத் தீர்க்க வேறு வழி இல்லை. தீமை முழுவதையும் ஒருவன் தலையில் ஏற்றி வைத்தாயிற்று. பெயர் இல்லாத அந்த ஒருவனோ ஒரு வகையாகிப் போனான். வகையாகிவிட்டால் ஆயிரம் பேரை வெட்டலாம். 'வில்லன் டைப்' என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோமே, அதன் விலை இது. இன்றும் ஒரு ஊர், ஒரு ஜாதி, ஒரு மதம் 'மூளையாக' இருந்து சதி செய்கிறது என்று டீக்கடையில் பேசுகிறவன், கதைகளில் படித்ததைத்தான் பேசுகிறான்.

தாஸ்தாயேவ்ஸ்கிக்கு இது தெரிந்திருந்தது. கரமசோவ் குடும்பத்தில் மூளை இவானுடையது, கை ஸ்மெர்தியாகோவுடையது. இவான் எந்தக் கட்டளையும் இடவில்லை. என்ன நடக்கும் என்று அரைகுறையாகத் தெரிந்தும் ஊரைவிட்டுக் கிளம்பினான், அவ்வளவுதான். அந்தக் கிளம்பலை ஆராயத்தான் அவருக்கு அத்தனை பக்கம் வேண்டியிருந்தது. மதுரையில் நம்மோடு திரிந்த ஜி. நாகராஜன் கணித ஆசிரியர். வேண்டிய அளவு மூளையைத் தம் ரௌடிக்குக் கொடுத்திருக்கலாம். 'நாளை மற்றுமொரு நாளே'யில் (1974) கந்தனுக்கு அவர் கொடுத்தது ஒரே ஒரு நாள். அந்த நாளுக்குள் ஊர் முழுவதும் வந்துவிட்டது. யாரையும் காட்டி, தீமை இவனிடம் இருக்கிறது என்று கைநீட்ட அவர் நமக்கு வசதி செய்து தரவில்லை.

பிறரைச் சொல்லிவிட்டு நான் தப்பிக்கக் கூடாது. என் ஆரம்பகாலக் கதை ஒன்றில் ஒரு பத்திரம் எழுதுகிறவர் வருவார். சட்டம் அத்தனையும் விரல் நுனியில், சாணக்கியனின் மறுபிறவி. பொடி போட்டுக்கொண்டே ஒரு குடும்பத்தின் நிலத்தை விழுங்குவார். நண்பர்கள் அந்தப் பாத்திரத்தைப் புகழ்ந்தார்கள். அந்தக் குடும்பம் எங்கள் குடும்பம். பெரியாறு வாய்க்கால் பாயும் ஒன்றரை ஏக்கர் நஞ்சை. அடமானம் என்று சொல்லி அப்பாவிடம் கிரயம் எழுதிக்கொண்டார்கள். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும்.

பல வருஷம் கழித்து, வேறு காரியமாக, அந்தப் பத்திரத்தின் நகல் என் கைக்கு வந்தது. ஒரு மேதையின் சூழ்ச்சியைப் பார்க்கப்போகிறேன் என்று நினைத்துப் பிரித்தேன். தலைப்பிலேயே கொட்டை எழுத்தில் 'கிரயப் பத்திரம்' என்று இருந்தது. தந்திரம் அவ்வளவுதான். எழுத்துக் கூட்டிப் படிக்கிற எவனும் கண்டுபிடித்திருப்பான். சாட்சிக் கையெழுத்து இரண்டு. ஒன்று எங்கள் சித்தப்பாவுடையது. அவருக்குப் படிக்கத் தெரியும். அன்று அப்பாவோடு பத்திர ஆபீசுக்குப் போனவன் நான். எட்டாம் வகுப்பு. மஞ்சள் பையில் அந்தத் தாளைச் சுமந்துகொண்டு போனவனும் நான்தான். உள்ளே காரியம் நடந்தபோது வெளித்திண்ணையில் உட்கார்ந்து பைண்டு செய்த தொடர்கதை ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தேன். அது எந்தக் கதை என்று இப்போது நினைவில்லை.

அந்த எழுத்தரை நான் ஏன் சாணக்கியனாக்கினேன் என்பது அன்றுதான் புரிந்தது. மேதையிடம் தோற்றோம் என்பதில் ஒரு கௌரவம் இருக்கிறது. அப்பா ஏமாளி இல்லை, சித்தப்பா துரோகி இல்லை, நான் திண்ணையில் இருந்தது தப்பில்லை. வில்லனுக்கு நான் தாராளமாகக் கொடுத்த ஒவ்வொரு துளி புத்தியும் எங்கள் குற்றத்திலிருந்து கழித்துக்கொண்ட வட்டி. கதையில் சாட்சிகள் வரவே இல்லை. கலை அங்கேதான் செத்தது என்று இப்போது சொல்கிறேன். அப்போது அதைக் கலை என்று நினைத்தேன்.

நண்பர் நாவலைக் கொடுத்த இடத்துக்கு வருகிறேன். 1999-ல் அங்கே பேருந்து நிலையம் வந்துவிட்டது. மாடு பெயரில் மட்டும் நிற்கிறது. தாவணி என்றால் மாட்டுச் சந்தை. சந்தைகளில் தரகர்கள் துண்டைப் போர்த்தி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். வெளியே நிற்கிறவன் தரகனின் முகத்தைப் பார்த்து, இவன் பலே ஆள், எமகாதகன் என்று வியந்துகொண்டிருப்பான். நம் நாவலாசிரியர்கள் அந்த வியப்பைத்தான் முன்னூறு பக்கம் எழுதுகிறார்கள். ஆனால் துண்டுக்குள் ஒரு கைதான் இருக்கிறதா? விரலை நீட்டிக் கொடுத்துக்கொண்டு இன்னொரு கையும் இருக்கிறதே!

பிரதியைத் திருப்பிக் கொடுத்தபோது நண்பரிடம் ஒன்றே ஒன்று சொன்னேன். "தம்பி, உங்க வில்லன் ரொம்பப் புத்திசாலி, ஒத்துக்கிறேன். அவன் பத்திரத்துல சாட்சிக் கையெழுத்துப் போட்டது யாரு, அதை எழுதுங்க." அவர் முகம் வாடிவிட்டது. எழுதுவார் என்று நம்புகிறேன்.