பிறந்த பொழுதும் பிறவிக் குணமும்

கொள்ளிடத்தின் வடகரையில், அரியலூர் மாவட்டத்துத் திருமழபாடியில், பங்குனிப் புனர்பூசத்து நந்தியெம்பெருமான் திருமணவிழாவையொட்டி நிகழ்ந்த சொற்பொழிவொன்றைக் கேட்க நேர்ந்தது. பேசியவர் கற்றவர், குரல்வளம் உடையவர். கோச்செங்கட் சோழ நாயனாரை அன்னை ஒரு நாழிகை வயிற்றில் அடக்கிவைத்த துன்பமே அவர்க்குச் செங்கண்ணையும் போர்க்குணத்தையும் தந்ததென்றார். பிறக்கும்போது படும் அதிர்ச்சியே பின்னை வாழ்நாளெல்லாம் மனத்தை ஆளுமென மேனாட்டு உளநூலார் கண்டதனைச் சேக்கிழார் பெருமான் அன்றே பாடிவைத்தார் என்றும் முழங்கினார். அவையோர் கைதட்டினர். யாம் தட்டவில்லை.

மறுநாட் காலை பெரம்பலூரில் எம் திண்ணைக்கு அவ்வவையிலிருந்த அன்பர் ஒருவர் வந்தார். அவர் மருமகள் நிறைசூலி. இடரொன்றுமில்லை, இன்னும் இரு வாரம் பொறுக்கலாம் என்பது மருத்துவர் சொல். அன்பர் கையிலோ கணியர் குறித்துத் தந்த மூன்று முகூர்த்தங்கள். "கமலவதியார் செய்ததைத்தானே ஐயா, நாங்களும் செய்கிறோம்? இப்போது சிசேரியன் இருக்கிறது, தலைகீழாய்த் தொங்கவேண்டியதில்லை. மூன்றில் எது நல்லதென்று தாங்கள் பார்த்துச் சொல்லவேண்டும்" என்றார். மேடையிற் பேசியது ஒருவர். கத்தியின்கீழ்க் கிடக்கவேண்டியவள் வேறொருத்தி. ஆதலின் இம்மறுப்பு எழுதலாயிற்று.

மேனாட்டார் முடிபென்று அவர் கூறியது மேனாட்டார்க்கே முடிபன்று. வியன்னா நகரத்து ஓட்டோ ராங்க் என்பார் பிறப்பதிர்ச்சியைப் பற்றி 1924-இல் ஒரு நூல் எழுதி, மாந்தர் அச்சங்கட்கெல்லாம் அதுவே வித்தென்றார். அவர்க்கு ஆசிரியர் பிராய்டு. பிறப்பே அச்சத்தின் முதல் அநுபவம் எனத் தாமே முன்னர்க் கூறியிருந்தும், 1926-இல் அவ்வாசிரியர் மாணாக்கரை மறுத்தார். நெடிது வருந்திப் பிறந்தவரே பின்னர் மனநோயுற்றார் என்பதற்குத் தொகுத்த சான்று எங்கே என்பது அவர் வினா. கொள்கையைப் படித்து மறுப்பைப் படியாது வருதல் நம் மேடைகட்கு வழக்கமாயிற்று. பிறக்கும்போது மூச்சுத்திணறி மூளை ஊறுபடுதல் உண்டு. அதனை மறுப்பார் யார்? அது கருவிக்கு நேர்ந்த ஊறு. யாழ்நரம்பு அறுந்தால் பாணன் இசை கெடும். பாணன் குணம் நரம்பிற் பிறந்ததாகாது.

இனி நம் நூல். கரு ஒன்பதாந் திங்களில் முற்பிறவிகளை நினைந்து வருந்துமென்றும், பிறந்தவுடன் வாயு தீண்ட அவற்றை மறக்குமென்றும் கருப்போபநிடதம் கூறும். ராங்க் என்பார் அழியா நினைவின் தொடக்கமாக வைத்த வாயிலை, நம்மவர் மறவியின் வாயிலாக வைத்தனர். பேறும் இழவும், இன்பமும் பிணியும், மூப்பும் சாக்காடும் ஆகிய ஆறும் கருவிலேயே வினைக்கீடாய் அமைந்தன என்று அருணந்தி சிவாசாரியார் சித்தியார் சுபக்கத்தில் அறுதியிட்டார். உள்ளே அமைந்துவிட்டது, வெளிவரும் நாழிகையை மாற்றுவதால் மாறுமோ? மாறுமெனின் சித்தியாரைக் கட்டி வைத்துவிட்டுப் பஞ்சாங்கத்துக்கே உரை எழுதலாம்.

நாயனார் வரலாற்றுக்கு வருவோம். செங்கண் உடம்பில் நின்ற தழும்பு. அன்போ, ஆனைக்காவிற் சிலந்தியாயிருந்து பெருமான்மேற் சருகு விழாமற் பந்தரிழைத்த நாளிலிருந்து தொடர்ந்து வந்தது. முற்பிறப்புணர்வோடு பிறந்து அவ்வானைக்காவிலேயே கோயிலெடுத்தார் என்பதன்றோ பெரியபுராணம்? பிறப்பின் வருத்தம் அவ்வுணர்வைத் தந்ததுமன்று, அழித்ததுமன்று. போர்க்குணம் என்றார், கண் சிவவாத மன்னர் எவரும் போர் செய்திலரோ? ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம், தாழ்த்துப் பிறப்பின் மூவுலகும் ஆளுமென்றது கணியர் வாக்கு. தில்லையில் வேண்டிய சுபதேவர்க்கும் கமலவதியார்க்கும் கூத்தன் அருளாற் சிலந்தி மகவாய் வந்தது அதற்கு முன்னரே நிகழ்ந்துவிட்டது. அந்நாழிகைக்கு விலை யாது? அன்னை மகனைச் செங்கண்ணனென ஒருமுறை விளித்தார், உயிர் நீத்தார். சொற்பொழிவாளர் இதனை அரைவாக்கியத்திற் கடந்தார்.

கமலவதியாரைச் சேக்கிழார் பழித்திலரே எனின், பழித்திலர்தாம். அவ்வம்மையார் தம்முடலைத் தாமே வருத்திக்கொண்டார். எம் திண்ணைக்கு வந்த சீட்டில் கணியர் எழுத்து இருந்தது, மாமனார் விருப்பம் இருந்தது. அப்பெண்ணின் சொல் ஒன்றுமில்லை.

தாய்க்கோ சேய்க்கோ இடர் வருமிடத்துக் கத்தியெடுக்கும் மருத்துவர் வணங்கத்தக்கவர். அது வேறு. 2015–16-ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பேறுகளில் நூற்றுக்கு 34.1 சிசேரியன், 2019–21-ஆம் ஆண்டு ஆய்வில் அது 44.9 ஆயிற்று. இவற்றுட் பல உயிர்காக்கச் செய்தன; எல்லாம் நாள் பார்த்துச் செய்தன என்று கூறோம். எனினும் நாள் பார்த்துச் செய்வது நம் மாவட்டங்களில் யாவரும் அறிந்ததே. இடரின்றி 39 வாரத்துக்கு முன் எடுத்த மகவு மூச்சுக்குத் தவித்தல் மிகுதி என்பது மருத்துவ நூல். வைகறையிற் கோளறு பதிகம் ஓதிவிட்டு, பகலிற் கோளுக்கு அஞ்சி மருமகள் வயிற்றைக் கீற நாழிகை கேட்கும் சைவரை என்னென்பது? நாளும் கோளும் அடியார்க்கு நல்லன என்று ஆணையிட்ட பிள்ளையார் வாக்கை இதனினும் அவமதித்தல் அரிது.

சொற்பொழிவு நிகழ்ந்த இடத்தையேனும் அவர் நோக்கியிருக்கலாம். அங்கு மணங்கொண்ட நந்தியெம்பெருமான், சிலாத முனிவர் உழுத வேள்விநிலத்திற் பெட்டகத்திற் கிடைத்தவர். கருவாயிலே கடவாத அவர்க்குப் பிறப்பதிர்ச்சி எங்ஙனம் வந்தது? விதித்த குறையாயுளை நீக்கியது ஐயாற்றில் அவர் ஆற்றிய தவம்.

இவற்றையெல்லாம் அன்பர்க்குக் கூறினோம். பொறுமையாகக் கேட்டார். "முன்பணம் கட்டிவிட்டோம், ஐயா" என்றார். சீட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு போனார். வரும் பங்குனியிலும் அச்சொற்பொழிவாளரே பேசவிருப்பதாகக் கேள்வி. செங்கண்ணிலிருந்து தொடங்காது, கமலவதியார் இறந்த இடத்திலிருந்து அவர் தொடங்குவாராக.