வாய்ப்பூட்டுக்கு வாங்கிய கூலி

பணக்காரர்களின் பேராசையைச் சாடிப் பேர் வாங்கிய ஸ்டாண்ட்-அப் கலைஞர்கள் சிலர், உலகின் மிகப் பெரிய பணப்பெட்டிகளில் ஒன்றின் முன்னால் வாய்மூடி நிற்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். 2025 செப்டம்பர் 26 முதல் அக்டோபர் 9 வரை, சவூதி அரேபியாவின் பொதுக் கேளிக்கை ஆணையம் ரியாத் நகைச்சுவைத் திருவிழாவை நடத்தியது. பில் பர், டேவ் ஷப்பெல், கெவின் ஹார்ட், அசீஸ் அன்சாரி என அமெரிக்க மேடையின் முதல் வரிசையே அங்கே போனது. பத்திரிகையாளர் துர்கி அல்-ஜாஸிருக்கு அதே அரசு மரண தண்டனை நிறைவேற்றி அப்போது நான்கு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. சவூதிப் பத்திரிகையாளர் ஜமால் கஷோக்ஜி இஸ்தான்புல் சவூதித் துணைத் தூதரகத்துக்குள் கொல்லப்பட்டதன் ஏழாம் ஆண்டு நினைவு நாளான அக்டோபர் 2, அந்தத் திருவிழாவின் நடுவிலேயே வந்து போனது.

போன எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்தவில்லை. கெவின் ஹார்ட் போன்றவர்கள் முதலாளித்துவத்தின் எதிரிகள் என்று சொல்லிக்கொள்பவர்கள் அல்ல. ஏழையின் கோபத்தைத் தங்கள் குரலாக்கிச் சம்பாதித்தவர்களைத்தான் கண்டிக்கிறோம். கலைஞன் நிறையச் சம்பாதிப்பதும் குற்றமில்லை. எதைப் பேசக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு அதற்குப் பணம் வாங்கியதுதான் குற்றம்.

அழைப்பை மறுத்த நகைச்சுவைக் கலைஞர் அட்சுகோ ஒகாட்சுகா, தனக்கு வந்த ஒப்பந்தத்தின் ஒரு பகுதியைப் பொதுவெளியில் வைத்தார். சவூதி அரசு, அதன் தலைவர்கள், அரச குடும்பம், நீதித்துறை, மதம் ஆகியவற்றை இழிவுபடுத்தும், சங்கடப்படுத்தும், கேலிக்கு ஆளாக்கும் எதையும் பேசக் கூடாது என்று அதில் இருந்தது. தனக்கு 3,75,000 டாலர் பேசப்பட்டது என்றும், சவூதியில் அடிமை உழைப்பு நடப்பதைப் பற்றித் தன் பாட்காஸ்டில் பேசியதால் நீக்கப்பட்டதாகவும் இன்னொரு கலைஞரான டிம் டில்லன் சொன்னார். உழைப்பாளியைப் பற்றி வாய் திறந்தவருக்குத்தான் மேடை இல்லாமல் போயிருக்கிறது. முதலாளித்துவத்தை விமர்சிக்கும் எவரும் அந்த இடத்திலேயே விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

நிபந்தனைகளைப் பேசிக் குறைத்து, அரச குடும்பத்தையும் மதத்தையும் மட்டும் தொடக் கூடாது என்ற அளவுக்குக் கொண்டுவந்ததாகப் பில் பர் பிறகு விளக்கம் அளித்தார். இது சமாதானமே ஆகாது. சவூதியில் அரச குடும்பம் வேறு, மூலதனம் வேறா? அராம்கோ எண்ணெய் நிறுவனத்தின் பெரும்பங்கு அரசின் கையில் இருக்கிறது. அரசின் பொது முதலீட்டு நிதியத்தின் தலைவர் பட்டத்து இளவரசர் முகமது பின் சல்மான். இந்தத் திருவிழா நடந்துகொண்டிருந்தபோதே, செப்டம்பர் 29 அன்று, எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற வீடியோ கேம் நிறுவனத்தை வேறு இரு முதலீட்டு நிறுவனங்களோடு சேர்ந்து 5,500 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அந்த நிதியம் அறிவித்தது. அரச குடும்பத்தைப் பேசாதே என்றால் அந்த நாட்டின் முதலாளியைப் பேசாதே என்றுதான் பொருள். பில் பர் இதை அறியாதவர் அல்ல.

டேவ் ஷப்பெல் விஷயத்தில் வருத்தம் இன்னும் அதிகம். ஒப்பந்தம் என்ற காகிதம் கலைஞனை எப்படி நசுக்கும் என்று உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் அவர். தன் பழைய நிகழ்ச்சியைத் தனக்குப் பணம் தராமலே நிறுவனங்கள் ஒளிபரப்புகின்றன என்று 2020 நவம்பரில் குமுறினார். அதைப் பார்க்காதீர்கள் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். அவர் கேட்டபடி நெட்ஃபிளிக்ஸ் அதை எடுத்துவிட்டது. சில மாதங்களில் உரிமையும் பணமும் அவர் கைக்கு வந்தன. சாதாரண மக்கள் அவருக்காகப் பக்கத்தில் நின்றதால் கிடைத்த வெற்றி அது. அப்படிப்பட்டவர் ரியாத் மேடையில் நின்று, அமெரிக்காவைவிட இங்கே பேசுவது சுலபம் என்று சொன்னதாகச் செய்தி வந்தது. ட்வீட்டுகளுக்காகவும் யூடியூப் பதிவுகளுக்காகவும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு 2023-இல் மரண தண்டனை விதித்து, பிறகு அதை 30 ஆண்டுச் சிறையாக மாற்றிய நாடு அது. அங்கே பேச்சு யாருக்குச் சுலபம்?

அசீஸ் அன்சாரியைப் பற்றி நாம் கூடுதலாகப் பேச வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்கா போன தமிழ் முஸ்லிம் குடும்பத்தின் பிள்ளை அவர். குடியேறிய பெற்றோரின் பாடுகளைத் தன் தொடரில் அன்போடு காட்டி எம்மி விருது வாங்கியவர். அவர் எழுதி இயக்கிய ‘குட் ஃபார்ச்சூன்’ திரைப்படம், காரிலேயே தூங்கி எழுந்து சில்லறை வேலைகளில் உயிர் பிழைக்கும் ஒருவனையும் ஒரு பெரும் பணக்காரனையும் எதிரெதிரே வைக்கிறது. ரியாத் திருவிழா முடிந்த அடுத்த வாரமே அது அமெரிக்காவில் வெளியானது. காரில் தூங்குபவனின் துயரம் தெரிந்தவருக்கு, ரியாத்தின் தொழிலாளர் முகாம்களில் தூங்குபவனின் துயரம் தெரியாமல் போனது எப்படி?

அந்த முகாம்கள் நமக்கு அந்நியமானவை அல்ல. நம் ஊர்களிலிருந்து வளைகுடா போன ஆட்கள் இல்லாத தெரு குறைவு. கஃபீல் எனப்படும் பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டால்தான் இக்காமா என்ற வசிப்பு அனுமதி, கஃபீல் மனம் வைத்தால்தான் கையில் பாஸ்போர்ட் என்று வாழ்ந்தவர்கள் அவர்கள். 2021-இல் வேலை மாறும் உரிமையைச் சிலருக்குத் தந்த சீர்திருத்தம்கூட வீட்டு வேலையாட்களை வெளியே நிறுத்திவிட்டது. தொழிற்சங்கத்துக்கும் வேலைநிறுத்தத்துக்கும் அங்கே தடை. இலங்கை மூதூரிலிருந்து, வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டோடு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட ரிசானா நபீக்கை மறந்துவிட முடியுமா? அவர் பராமரித்த கைக்குழந்தை இறந்தபோது, பிறப்புச் சான்றிதழ்படி அவருக்கு வயது 17. உலகமே மன்றாடியும் 2013 ஜனவரியில் அவர் தலையை வெட்டினார்கள். 2024-இல் மட்டும் சவூதியில் குறைந்தது 345 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டதாக ஆம்னெஸ்டி கணக்கிட்டது.

ஒரு நாட்டு மக்களை அதன் அரசின் செயல்களை வைத்து எடைபோடக் கூடாது என்று ஜிம்மி கிம்மல் நிகழ்ச்சியில் அன்சாரி வாதிட்டார். உண்மைதான், சவூதி மக்களுக்கும் சிரிக்க உரிமை உண்டு. ஆனால் அவரை அழைத்ததும் பணம் கொடுத்ததும் மக்கள் அல்ல, அரசு. கஷோக்ஜி கொலையை ஒட்டி இளவரசரை விமர்சித்த நகைச்சுவைக் கலைஞர் ஹசன் மின்ஹாஜின் நிகழ்ச்சிப் பகுதி ஒன்று, அந்த அரசின் கோரிக்கையின்படி சவூதியில் நெட்ஃபிளிக்ஸிலிருந்து நீக்கப்பட்டது. அந்த மக்கள் எதைக் கேட்டுச் சிரிக்கலாம் என்று முடிவு செய்யும் கையிலிருந்துதான் அன்சாரியும் சம்பளம் வாங்கினார். சம்பளத்தில் ஒரு பகுதியை மனித உரிமைக் கண்காணிப்பகத்துக்குத் தருவதாகச் சொன்னார். அந்தப் பணத்தை ஏற்க முடியாது என்று அந்த அமைப்பு சொல்லிவிட்டது.

அமெரிக்கா மட்டும் யோக்கியமா என்று கேட்பவர்கள் உண்டு. இல்லைதான். ஆனால் அமெரிக்காவின் அநியாயத்தை அமெரிக்க மேடையில் நின்று கிழிக்க அவர்களால் முடிகிறது, கிழிக்கிறார்கள். ரியாத்தின் அநியாயத்தை ரியாத்தில் பேசமாட்டோம் என்று பணத்துக்கு ஒப்புக்கொண்டதற்கு அந்தக் கேள்வி எப்படிப் பதிலாகும்?

திருந்த வழி இருக்கிறது. அதே திருவிழாவில் மேடையேறிய ஜெசிகா கிர்சன் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். வாங்கிய தொகை முழுவதையும் மனித உரிமை அமைப்பு ஒன்றுக்குக் கொடுத்தார். மற்றவர்களால் ஏன் முடியவில்லை? பில் பர், டேவ் ஷப்பெல், அசீஸ் அன்சாரி மூவரும் தாங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தையும் வாங்கிய தொகையையும் பகிரங்கப்படுத்த வேண்டும். வளைகுடாவில் கூலி மறுக்கப்பட்ட புலம்பெயர் தொழிலாளர்களுக்காகவும், உயிரிழந்தவர்களின் குடும்பங்களுக்காகவும் வேலை செய்யும் அமைப்புகளுக்கு முழுத் தொகையையும் ஒப்படைக்க வேண்டும். ஒரு பகுதி போதாது. 2014-இல் 15 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்ட வழக்கறிஞர் வலீத் அபுல்கைருக்காகவும், உடுத்திய உடைக்கும் எழுதிய பதிவுக்கும் 11 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்ட மனாஹெல் அல்-ஒதைபிக்காகவும் குரல் கொடுங்கள் என்று மனித உரிமைக் கண்காணிப்பகம் கலைஞர்களிடம் முன்பே கேட்டிருந்தது. அந்த இரண்டு பெயர்களையும் தங்கள் அடுத்த மேடையில் அவர்கள் உரக்கச் சொல்ல வேண்டும். ரியாத்தில் சொல்லத் தடை இருந்திருக்கலாம், நியூயார்க்கில் இல்லை.